ஹம்பர்கருக்கு ஓர் ஆற்றுப்படை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்களை நீங்கள் அறிவீர்கள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியிலே பசியோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்கு, எவ்வழியாற் சென்றால் எவரைக் காணலாம், இடையிலே எந்த ஊரில் என்ன உண்ணலாம் என்று எடுத்துரைப்பது அவற்றின் பொதுவான அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்திற் சுட்ட மீன் கிடைக்கிறது. வேலூரிலே புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கின்றன. ஆமூரிலே வெண்சோறும் நண்டும் கிடைக்கின்றன. அந்த உணவுகளை வைத்தே அந்தந்த நிலத்தில் வாழ்ந்தவர் யார், அவர்கள் செய்த தொழில் என்ன என்பவற்றையெல்லாம் நமது அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே முறையை அமெரிக்காவின் ஓர் எளிய உணவுக்குப் பிரயோகித்துப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம். அந்த உணவு ஹம்பர்கர். அரைத்த மாட்டிறைச்சியை வடை தட்டுவதுபோலத் தட்டி, சூடான இரும்புத் தட்டிலே வாட்டி, இரண்டாக வெட்டிய பணிஸுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். மாட்டிறைச்சி உண்ணாத நேயர்கள் பலர் இருப்பீர்கள். உங்களை உண்பதற்கு நான் அழைக்கவில்லை. ஒரு கடைத்தெரு வழியே நடந்துவரத்தான் அழைக்கிறேன்.

ஓர் இலக்கியத் தொடரிலே ஹம்பர்கருக்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், இதன் வரலாற்றின் நடுவிலே ஒரு நாவல் நிற்கிறது என்பது என் முதல் விடை. அமெரிக்காவிலே ஒவ்வோர் ஊரும் தன் ஹம்பர்கரே சிறந்தது என்று சண்டை பிடிக்கிறது. அந்த ஊர்களின் கதைகளைப் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தால், அவர்கள் விரும்புவது வெறும் சுவையை அன்று என்பது தெரியவரும். அனேகமான இடங்களில் அவர்கள் விரும்பியுண்பது ஒரு காலத்துத் தட்டுப்பாட்டின் நினைவை. இது என் இரண்டாவது விடை.

முதலிற் செய்தவர் யார்?

ஹம்பர்கர் என்ற பெயர் ஜேர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்திலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலட்சக்கணக்கான மக்கள் அத்துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்கா சென்றார்கள். கொத்திய இறைச்சியிலே வெங்காயமும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் சமைக்கும் உணவு, நியூ யோர்க் உணவகங்களில் 'ஹம்பர்க் ஸ்டேக்' என்ற பெயரோடு பரிமாறப்பட்டது. அதைத் தட்டில் வைத்து, கதிரையில் அமர்ந்து, முள்ளுக்கரண்டியால் உண்டார்கள். முதலாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மன் பெயர்கள் அமெரிக்கர்களுக்குக் கசந்தன. அப்போது சிலர் இதைச் 'சுதந்திர ஸ்டேக்' என்றும், கொத்திய இறைச்சியை மருந்துபோல் விதந்துரைத்த வைத்தியர் ஒருவரின் பெயரால் 'சோல்ஸ்பரி ஸ்டேக்' என்றும் மாற்றி அழைத்தார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய பெயரே நிலைத்தது.

அந்த இறைச்சியைப் பாணுக்குள் முதலில் வைத்தவர் யார் என்பதிலேதான் வழக்கு. விஸ்கொன்சின் மாநிலத்துச் சீமோர் ஊரவர் சார்லி நாக்ரீன் என்பவரைக் காட்டுவார்கள். 1885இல் அவ்வூர்ச் சந்தையிலே இறைச்சி உருண்டை விற்ற பதினைந்து வயதுச் சிறுவன் அவர். உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க முடியாமற் சனங்கள் அவதிப்படுவதைக் கண்டு, அதைத் தட்டையாக்கிப் பாணுக்குள் வைத்தாராம். அதே 1885இல், நியூ யோர்க் மாநிலத்தில் ஹம்பர்க் என்ற பெயர்கொண்ட ஊரின் சந்தையில், பன்றியிறைச்சி தீர்ந்துபோனதால் மாட்டிறைச்சியை வைத்துச் சமாளித்ததாக மென்சஸ் சகோதரர் குடும்பத்தவர் கூறுவர். டெக்சாஸ் மாநிலத்து எதென்ஸ் ஊரவர் பிளெச்சர் டேவிஸ் என்பவரை முன்னிறுத்தி, அவர் 1904ஆம் ஆண்டு சென். லூயிஸ் உலகக் கண்காட்சிக்குச் சென்று விற்றார் என்பார்கள்.

கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரத்தின் கதை வேறு. டென்மார்க்கிலிருந்து குடிபெயர்ந்த லூயிஸ் லாசென் 1895இல் ஒரு தள்ளுவண்டியிலே மதிய உணவு விற்கத் தொடங்கினார். 1900இல் ஒருநாள், அவசரமாக வந்த ஒருவர் கையிலே கொண்டுபோய் உண்ணக்கூடியதாக ஏதாவது கேட்க, இறைச்சித் துண்டுகளை அரைத்து வாட்டி, இரண்டு பாண் துண்டுகளுக்கிடையில் வைத்துக் கொடுத்தார் என்பது அக்குடும்பத்தின் கதை. 'லூயிஸ் லஞ்ச்' என்ற அந்தக் கடை இன்றும் அக்குடும்பத்தவர் கையில் இருக்கிறது. இறைச்சியை நிமிர்த்தி நிறுத்தி வாட்டும் பழைய இரும்பு எரிவாயு அடுப்புகளிலேதான் இன்றும் சமையல். பணிஸ் இல்லை, வாட்டிய பாண். விரும்பினால் சீஸ், தக்காளி, வெங்காயம். தக்காளிச் சோஸும் கடுகுச் சாந்தும் கேட்டாலும் கிடையா. 1975இல் நகர அபிவிருத்திக்காகக் கட்டடத்தை இடிக்க முற்பட்டபோது, அந்தச் சிறிய செங்கற் கட்டடத்தை அப்படியே பெயர்த்தெடுத்து வேறொரு தெருவிற் கொண்டுபோய் வைத்தார்கள்.

வழக்கின் தீர்ப்பு என்ன? 1890களின் அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே ஹம்பர்கர் இறைச்சி வைத்த பாண் பற்றிய குறிப்புகள் உண்டு. ஆகவே 1900ஐயோ 1904ஐயோ தொடக்கமாகக் கொள்ள முடியாது. 1885ஆம் ஆண்டுக் கதைகளுக்கோ அக்காலத்து எழுத்து ஆதாரம் போதாது. என் கணிப்பில், எவர் முதலில் என்ற கேள்வியைவிட, எல்லாக் கதைகளுக்கும் பொதுவான அம்சமே முக்கியமானது. எல்லாவற்றிலும் சந்தை அல்லது வண்டி வருகிறது. எல்லாவற்றிலும் உண்பவர் நிற்கிறார், அல்லது நடக்கிறார், அல்லது வேலைக்கு ஓடுகிறார். தட்டும் கதிரையும் இல்லாத ஒருவருக்காகவே இறைச்சி பாணுக்குள் புகுந்தது. ஹம்பர்கரைக் கண்டுபிடித்தவர் யாராயினும், அதைக் கண்டுபிடிக்க வைத்தவர் நேரமில்லாத உழைப்பாளியே.

வயிற்றைத் தாக்கிய நாவல்

இனி அந்த நாவல். அப்டன் சிங்கிளெயர் என்ற இளம் எழுத்தாளர் 1904இல் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளின் பக்கம் சென்று, ஏழு வாரங்கள் தொழிலாளருடன் பழகித் தகவல் சேகரித்தார். அதன் பேறாக எழுந்தது 'த ஜங்கிள்' என்ற நாவல். 1905இல் கன்சாஸ் மாநிலத்திலிருந்து வெளிவந்த ஒரு சோசலிசப் பத்திரிகையிலே தொடராக வந்து, 1906இல் நூலாகியது. லித்துவேனியாவிலிருந்து நம்பிக்கையோடு வந்த யூர்கிஸ் என்ற உழைப்பாளியும் அவன் குடும்பமும் அந்தத் தொழிற்சாலைகளிலே சிறுகச் சிறுக நசுங்கிப்போவதே கதை.

வாசகர்கள் கதையைப் படித்தார்கள். ஆனால் வேறொன்றைக் கண்டு அதிர்ந்தார்கள். கெட்டுப்போன இறைச்சியும் எலி எச்சமும் அரைவை இயந்திரத்துக்குட் போகும் பக்கங்கள் அவர்களைக் குமட்டவைத்தன. அதே 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி, இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்திலும், உணவு, மருந்துகளின் தூய்மை பற்றிய சட்டத்திலும் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். ஒரு நாவல் இவ்வளவு விரைவிலே சட்டமாக மாறியது உலக இலக்கியத்தில் அபூர்வம். ஆனால் சிங்கிளெயர் மகிழவில்லை. மக்களின் இதயத்தைத் தொட எண்ணி எழுதியது வயிற்றிலே பட்டுவிட்டது என்று அவர் பின்னர் மனம் வருந்தினார். இறைச்சி பரிசோதிக்கப்பட்டது; யூர்கிஸின் வாழ்வு பரிசோதிக்கப்படவில்லை. இந்த இடத்தை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். ஹம்பர்கரின் பிற்கால வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நிகழும்.

வெள்ளைக் கோட்டை

அரைத்த இறைச்சி என்றாலே சனங்கள் முகஞ்சுளித்த காலம் அது. முழுத் துண்டை நாம் பார்த்து வாங்கலாம். அரைத்ததற்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்த ஊர், கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா. அங்கே வோல்டர் அண்டர்சன் என்ற சமையற்காரர் 1916இல் ஒரு பழைய ட்ராம் வண்டியைக் கடையாக்கி, ஐந்து சதத்துக்கு ஹம்பர்கர் விற்றார். இறைச்சியை மெல்லியதாகத் தட்டி, வெங்காயத்தோடு அழுத்தி, கடுஞ்சூட்டில் வாட்டி, மெதுவான பணிஸுக்குள் வைப்பது அவர் முறை. சனங்கள் பார்க்கும்படியாகவே சமைத்தார்.

1921இல் பில்லி இங்ரம் என்ற வியாபாரி அவரோடு பங்காளியாகச் சேர்ந்தார். 700 டொலர் கடன் வாங்கி இருவரும் திறந்த கடைக்கு 'வைட் காசில்', அதாவது வெள்ளைக் கோட்டை என்று பெயர். வெண்மை தூய்மைக்கு, கோட்டை உறுதிக்கு. சிக்காகோ நகரத்து நீர்க்கோபுரத்தைப் பார்த்துச் சின்னஞ்சிறிய கோட்டைகளாகக் கடைகளைக் கட்டினார்கள். உள்ளே எல்லாம் துடைத்து மினுக்கியபடி. பணியாளரின் உடையும் தூய வெள்ளை. ஆலைகளுக்கும் ட்ராம் தரிப்பிடங்களுக்கும் அருகே இரவும் பகலும் திறந்திருந்த இக்கடைகளிலே, ஷிப்ட் முடிந்துவரும் தொழிலாளர் பை நிறைய வாங்கிச் சென்றார்கள். சிறிய சதுரமான அந்த இறைச்சித் துண்டு, வெங்காயத்தின் ஆவியிலே வேகும். ஆவி நன்றாக ஏறவேண்டுமென்று 1950களில் அதிலே ஐந்து துளைகளும் இட்டார்கள்.

இங்ரம் விளம்பரத்திலும் வல்லவர். 1930இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்திலே ஒரு நூதனப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவ மாணவர் ஒருவர் 13 வாரங்கள் தம் கடையின் ஹம்பர்கரையும் தண்ணீரையும் தவிர வேறெதுவும் உட்கொள்ளவில்லை. அவர் ஆரோக்கியமாகவே இருக்கிறார் என்ற செய்தி ஊரெங்கும் பரப்பப்பட்டது. இன்று நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 'த ஜங்கிள்' மூட்டிய பயத்தை அணைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு இது சான்று. நாவல் வயிற்றிலே ஏற்படுத்திய கலக்கத்துக்கு வெள்ளைச் சுவரும் திறந்த அடுப்பும் விடையளித்தன. சிங்கிளெயர் உண்மையிலே காட்ட விரும்பிய மனிதனோ, அந்தக் கடையின் எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் தெரியாத தூரத்தில், கசாப்புக்கூடத்திலேயே நின்றான்.

வெங்காயமும் மாவும்

விச்சிட்டாவிலிருந்து தெற்கே ஒக்லஹோமா மாநிலத்துக்குச் சென்றால் எல் ரீனோ என்ற ஊர் வரும். இந்த ஆற்றுப்படையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் இதுதான். ரயில் தொழிலாளர் ஊர். 1922 ஜூலையிலே அமெரிக்க ரயில் பட்டறைத் தொழிலாளர் சுமார் நான்கு இலட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் நின்ற ஊரிலே இறைச்சி வாங்க யாரிடம் காசு? கடைக்காரர்கள் வெங்காயத்தைத் தாள்போல மெல்லியதாகச் சீவி, ஒரு கைப்பிடி அள்ளி இறைச்சியின்மேல் வைத்து, தட்டகப்பையால் அழுத்தி, இரண்டும் ஒன்றாகும்படி வாட்டினார்கள். கொஞ்ச இறைச்சி பெரிதாகத் தெரிந்தது, வயிறும் நிறைந்தது. இது அந்த வேலைநிறுத்தக் காலத்தில் தொடங்கியது என்பாரும் உளர். 1930களின் பொருளாதார மந்தத்தில் தொடங்கியது என்பாரும் உளர். காரணம் தட்டுப்பாடு என்பதில் இருசாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கவனிக்க வேண்டியது அதன் பின்பு நடந்தது. நல்ல காலம் வந்தது, இறைச்சி மலிந்தது. வெங்காயத்தைக் குறைத்து இறைச்சியைக் கூட்டியிருக்கலாம். எல் ரீனோ மக்கள் அப்படிச் செய்யவில்லை. வாட்டும்போது ஓரங்கள் கருகி இனிப்பேறிய அந்த வெங்காயமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. 1926இல் தொடங்கிய 'ராபர்ட்ஸ் கிரில்' அங்கே இந்த மரபின் பழைய கடை. 'சிட்ஸ்', 'ஜொனீஸ்' என்பன மற்ற இரண்டு. மே மாதத்து முதற் சனிக்கிழமை அவ்வூரார் வெங்காய ஹம்பர்கருக்கு விழாவே எடுத்து, நூற்றுக்கணக்கான இறாத்தல் நிறையுள்ள ஒன்றைச் செய்து பங்கிடுவார்கள். பாட்டன் பசிக்கு உண்டதைப் பேரன் திருவிழாவாக உண்கிறான்.

மிசிசிப்பி மாநிலத்துக் கொரின்த் ஊரிலும் இதே கதைதான். வெங்காயத்துக்குப் பதிலாக மாவு. இறைச்சியோடு உருளைக்கிழங்கு மாவையும், பிற்காலத்திற் சோயா மாவையும் பிசைந்து, எண்ணெயிலே பொரித்து, கடுகுச் சாந்தும் ஊறுகாயும் வெங்காயமும் வைத்துக் கொடுப்பார்கள். பெயர் 'ஸ்லக்பர்கர்'. ஐந்து சத நாணயத்துக்குப் பேச்சுவழக்கில் வழங்கிய ஒரு சொல்லே பெயருக்குக் காரணம் என்பது ஒரு விளக்கம். முழு இறைச்சி உண்ண வசதியுள்ள இன்றைய கொரின்த் மக்களும் ஜூலை மாதத்தில் இந்த மாவு ஹம்பர்கருக்கு விழா எடுக்கிறார்கள்.

ஆந்தைக் கடையும் அணுகுண்டும்

மேற்கே, நியூ மெக்சிக்கோ மாநிலத்திலே சான் அந்தோனியோ என்ற சிற்றூர். அங்கே 'அவுல் பார்', அதாவது ஆந்தைக் கடை, 1945ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அம்மாநிலத்தில் விளையும் பச்சை மிளகாயை வாட்டி நறுக்கி, சீஸோடு இறைச்சியின்மேல் வைத்துத் தருவது அதன் சிறப்பு. நமது நாக்குக்குப் பழக்கமான உறைப்பு அங்கேதான் ஹம்பர்கரோடு சேர்கிறது.

1945இலே அவ்வூரில் சில அந்நியர்கள் தங்கியிருந்தார்கள். கனிமம் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். அந்தக் கடையிலே உண்டார்கள், குடித்தார்கள். ஜூலை 16ஆம் திகதி விடியற்காலையில், ஊரிலிருந்து ஏறக்குறைய 30 மைல் தூரத்துப் பாலைவனத்திலே உலகின் முதலாவது அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்ட பின்னரே, அவர்கள் விஞ்ஞானிகள் என்பது தெரியவந்தது. கடைக்காரக் குடும்பத்தவர் இக்கதையைப் பெருமையோடு சொல்வார்கள். பயணிகளும் அதற்காகவே தேடிச் செல்வார்கள்.

ஆனால் சுற்றியிருந்த கிராமத்தவர்க்கு எவரும் முன்கூட்டி எச்சரிக்கை செய்யவில்லை. சாம்பல் அவர்களுடைய வயலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழுந்தது. கதிரியக்கத்தாற் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்க 1990இல் வந்த சட்டத்திலும் அவர்கள் சேர்க்கப்படவில்லை. 2025 ஜூலையிலேதான், அதாவது 80 ஆண்டுகள் சென்ற பின்னரே, அவர்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஆந்தைக் கடையின் சுவையான கதைக்குப் பின்னாலும் கண்ணிற் படாதவர்கள் இருந்தார்கள்.

சோக்கட்டியால் வரைந்த குசினி

இனி, உலகமெல்லாம் அறிந்த பெயருக்கு வருவோம். ரிச்சர்ட், மொரிஸ் என்ற மக்டொனால்ட் சகோதரர்கள் 1940இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாடினோ நகரிலே ஒரு கடை திறந்தார்கள். கார்களிலே வந்திருப்பவர்களிடம் இளம் பெண்கள் தட்டேந்திச் சென்று பரிமாறும் வகையான கடை அது. நல்ல வருமானம். ஆயினும் 1948இல் கடையை மூடிவிட்டு யோசித்தார்கள். பரிமாறும் பெண்களை நிறுத்தினார்கள். தட்டு, கரண்டி, கண்ணாடிக் கிளாஸ் எல்லாவற்றையும் அகற்றிக் கடதாசிக்கு மாறினார்கள். உணவுப் பட்டியலை ஒன்பது வகையாகச் சுருக்கினார்கள். ஒரு டென்னிஸ் மைதானத்திலே குசினியின் அமைப்பைச் சோக்கட்டியால் வரைந்து, பணியாளரை அதற்குள் நடமாடவிட்டு, ஒருவரோடொருவர் முட்டாமல் வேலை நடக்கும் ஒழுங்கைக் கண்டார்கள். ஒருவர் வாட்டுவார், ஒருவர் சோஸ் இடுவார், ஒருவர் சுற்றுவார். விலை 15 சதம்.

இது ஒரு பெரிய மாற்றம். முன்பெல்லாம் தட்டகப்பையோடு நின்றவர் ஒரு சமையற்காரர். கை பழகிய தொழிலாளி. இப்போது ஒருவர் ஒரே ஓர் அசைவை மட்டும் அறிந்தாற் போதும். கார்த் தொழிற்சாலையின் ஒழுங்கு குசினிக்குள் வந்தது. பிள்ளைகுட்டிகளோடு வரும் சாதாரணத் தொழிலாளர் குடும்பம் முதன்முறையாக வெளியே சென்று உண்ணக்கூடிய விலை கிடைத்தது என்பதையும் மறுக்கலாகாது. உண்பவனுக்கு வந்த நன்மையும் சமைப்பவன் இழந்த கைத்திறனும் ஒரே நாளிற் பிறந்தன.

1954இலே பால் கலக்கும் இயந்திரம் விற்கும் ரே குரொக் என்பவர், ஒரு சிறு கடைக்கு எதற்கு எட்டு இயந்திரங்கள் என்று பார்க்கப் போனார். 1955 ஏப்ரலில் இலினோய்ஸ் மாநிலத்து டெஸ் பிளேன்ஸ் நகரிலே தமது முதற் கடையைத் திறந்தார். 1961இல் 27 இலட்சம் டொலருக்குச் சகோதரர்களிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தங்கள் சொந்தக் கடைக்குத் தங்கள் சொந்தப் பெயரையே வைக்க முடியாமல், சகோதரர்கள் அதை 'பிக் எம்' என்று மாற்றினார்கள். குரொக் அருகிலேயே புதிதாய் ஒன்று திறந்தார். பழைய கடை நீடிக்கவில்லை. பின்பு நெடுங்காலம் டெஸ் பிளேன்ஸ் கடையே 'முதலாவது' என்று சொல்லப்பட்டது. சந்தைச் சிறுவன் சார்லியின் கதைக்கு எழுத்து ஆதாரம் போதாது. சகோதரர்களுக்கோ ஆதாரம் எல்லாம் இருந்தும் 'முதல்வர்' என்ற பெயர் கைமாறியது.

கதிரையில் அமரும் உரிமை

ஐந்து சதம் உள்ள எவரும் உண்ணலாம் என்பது ஹம்பர்கர்க் கடையின் பெருமை. தென் மாநிலங்களிலே இது உண்மையன்று. அங்கே பல கடைகளிற் கறுப்பின மக்கள் காசு கொடுத்து உணவை வாங்கிக்கொண்டு போகலாம். வெள்ளையரோடு கதிரையில் அமர்ந்து உண்ண முடியாது. 1960 பெப்ரவரி முதலாம் திகதி, வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரிலே நான்கு கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சிற்றுண்டி மேசையில் அமர்ந்து, பரிமாறும்வரை எழும்ப மறுத்தார்கள். அந்த அறப்போர் மாநிலத்துக்கு மாநிலம் பரவியது.

டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரிலே அதே ஆண்டு மே மாதத்திற் சில கடைகள் வழிவிட்டன. எல்லாக் கடைகளும் அல்ல. வெள்ளைக் கோட்டையைப் பின்பற்றி 1932இல் தென்பகுதியிலே தொடங்கப்பட்ட 'கிறிஸ்டல்' என்ற ஹம்பர்கர்க் கடையிலே, நவம்பரில், ஜோன் லூயிஸ் என்ற மாணவரும் ஜேம்ஸ் பெவல் என்ற அவர் தோழரும் சென்று அமர்ந்தார்கள். முகாமையாளர் கதவைப் பூட்டி, பூச்சி கொல்லும் புகை இயந்திரத்தை அவர்கள்மீது திருப்பிவிட்டார். தீயணைப்புப் படையினர் வந்த பின்பே கதவு திறந்தது. பொது உணவகங்களிலே நிறபேதம் காட்டுவதைத் தடைசெய்யும் குடியியல் உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2ஆம் திகதி வந்தது. அந்த மாணவர் ஜோன் லூயிஸ் 1987 முதல் 2020இல் மறையும்வரை அமெரிக்கக் காங்கிரஸிலே அங்கத்தவராக இருந்தார்.

தட்டும் கதிரையும் இல்லாதவனுக்காகப் பிறந்த உணவு என்று முன்பு சொன்னேன். அந்த உணவை உண்ணக் கதிரையில் அமரும் உரிமைக்காக மனிதர்கள் நஞ்சுப் புகையைச் சுவாசித்தார்கள் என்பதையும் சேர்த்தே அதன் வரலாற்றை எழுத வேண்டும்.

பயம் மீண்டது

1993இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே, 'ஜக் இன் த பொக்ஸ்' என்ற கடைத் தொடரின் சரியாக வேகாத ஹம்பர்கர்களை உண்ட 700இற்கும் மேற்பட்டோர் ஈ-கோலை கிருமியாற் பாதிக்கப்பட்டார்கள். நான்கு குழந்தைகள் இறந்தன. காரணம் அரைத்த இறைச்சியின் இயல்பிலேயே இருக்கிறது. முழுத் துண்டிலே கிருமி மேற்பரப்பில் இருக்கும், வாட்டினாற் சாகும். அரைக்கும்போதோ மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. பல மாடுகளின் இறைச்சி பெரிய ஆலையிலே ஒன்றாகக் கலக்கும்போது, ஒரு மாட்டின் கிருமி பல ஊர்களுக்குச் செல்கிறது. 1994இலே அந்தக் கிருமி உள்ள அரைத்த இறைச்சியை விற்பது சட்டவிரோதமாக்கப்பட்டது. 1906இன் சட்டம் கண்ணாற் பார்த்தும் மோந்தும் பரிசோதித்தது. கண்ணுக்குத் தெரியாததைத் தேடும் சோதனைக்கு இன்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் தேவைப்பட்டன.

நேயர்களே, இந்தப் பழைய சிறு கடைகளை ஜோர்ஜ் மொட்ஸ் என்ற படப்பிடிப்பாளர் தேடித் திரிந்து, 2004இல் 'ஹம்பர்கர் அமெரிக்கா' என்ற விவரணப்படமாகவும், 2008இல் நூலாகவும் பதிவுசெய்தார். அவர் பார்த்த கடைகளில் அனேகமானவை சிறியவை; குடும்பத்தவர் நடத்துபவை; ஒரே ஊரில் நிற்பவை. பெரிய தொடர்க்கடைகள் எங்கும் ஒரே சுவையைத் தருவதைப் பெருமையாகக் கொள்கின்றன. இந்தச் சிறு கடைகளோ தங்கள் ஊரிலே ஒரு காலத்தில் என்ன இல்லாமற்போயிற்று என்பதை நினைவில் வைத்திருக்கின்றன. பணிஸ் இல்லாத காலத்தை நியூ ஹேவனும், இறைச்சி இல்லாத காலத்தை எல் ரீனோவும், ஐந்து சதமே இருந்த காலத்தைக் கொரின்தும் வைத்திருக்கின்றன. ஒரு கடை மூடப்பட்டால் ஒரு சுவை மட்டும் போவதில்லை; ஊரின் ஒரு நினைவும் போய்விடுகிறது.

ஆகவே, அந்நாட்டுக்குச் செல்லும் உறவினர் உங்களிடம் வழி கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். நியூ ஹேவனுக்குப் போனால் சோஸ் கேளாதீர்கள்; அந்த அடுப்பைப் பாருங்கள். எல் ரீனோவுக்குப் போனால் வெங்காயத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். சான் அந்தோனியோவிற் பச்சை மிளகாயோடு உண்டு, கிழக்குப் பக்கத்துப் பாலைவனத்தை ஒருமுறை நோக்குங்கள். நாஷ்வில்லுக்குப் போனால் கதிரையை இழுத்து அமருமுன் ஒரு கணம் நில்லுங்கள்.

பழைய பாணனுக்கு உணவு இலவசமாகவே கிடைத்தது. கொடுத்தவர் பெயரைப் பாட்டிலே வைத்துக் கடனைத் தீர்த்தான். நாம் காசு கொடுத்துவிடுகிறோம். ஆயினும் காசு முழுக் கடனையும் தீர்ப்பதில்லை. விலை இவ்வளவு மலிவாயிருக்க வேறு யார் மிகுதியைச் செலுத்தினார்கள் என்று கேட்டுப் பார்ப்பதே நம்மாற் செய்யக்கூடிய பாட்டு.